ஒருவரா, இருவரா

…அதெல்லாம் சரி, ஒரு வாளி தண்ணீர் கொண்டுவர லாரி எதற்கு, இதைத்தான் புருஷன் மெய்ராமிடம் கேட்கவேண்டும், இதே வார்த்தையில் கேட்கவேண்டும் என்று ஷோல்பான் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். பக்கத்தில் ரவ்ஷான் அக்கா ஸ்டியரிங்கை யாரோ பிடுங்கிக்கொண்டு ஓடப்போகிறார்கள் என்பதுபோல் இறுக்கிப் பிடித்திருந்தாள். கிளட்சை மெதுவா விடுங்கக்கா… ஆமாம், அப்படித்தான். மூன்று பழைய கார், இரண்டு வாத்தியார், அவளையும் சேர்த்தால் மூன்று, தராஸ் ஊரின் இந்தச் சின்ன ஓட்டுநர் பள்ளிக்கு மெய்ராம் வாங்கிவைத்த கணக்கு மென்பொருளோ ஒரு சர்க்கரை ஆலைக்கே போதும், திறந்தால் கதவு கதவாகப் போகும், எந்தக் கதவுக்குள் போனாலும் வெளியே வர வழி தெரியாது. கணக்குப் பார்த்த பெண் இருந்தவரை கவலையில்லை, அவள் கல்யாணமாகி அல்மாட்டிக்குப் போய்விட்டாள், மெய்ராம் கொரியாவில் வெல்டிங் வேலைக்குப் போய் மூன்று வருஷம் ஆகிறது, மிச்சமிருப்பது யார், ஷோல்பான்தானே. அரையாண்டு வரிக்கணக்கு கொடுக்கும் நேரம் வேறு. போனமுறை அந்தப் பூதத்தோடு மல்லுக்கட்டி ஒரு வாரம் தலைவலி… இந்தமுறை முடியாது. முடியாது என்றால் முடியாதுதான், அதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை.

தன் பக்கத்து பிரேக்கை ஷோல்பானின் கால் தானாக அழுத்திவிட்டது, ஒரு நாய் குறுக்கே போனது, ரவ்ஷான் நாயைத் திட்டினாள், பிறகு நாயின் சொந்தக்காரனைத் திட்டினாள். திரைச்சீலைக் கடை வைத்திருப்பவள், ஐம்பது வயதில் கார் ஓட்டக் கற்றுக்கொள்ளத் துணிந்தவள், அந்தப் புதுச் செயலியைப் பற்றி முதலில் சொன்னதே அவள்தான். கைபேசியிலேயே எல்லாம், வந்த காசைத் தானே பார்த்து எழுதிக்கொள்ளும், வரி எவ்வளவு என்று தானே சொல்லும், சரி என்று ஒரு தட்டு தட்டினால் போய்ச்சேர்ந்துவிடும். ஷோல்பான் ஒரு மாதமாக இலவசமாக வைத்துப் பார்த்தாள், பழைய கணக்கோடு ஒப்பிட்டாள், ஒரு இடத்திலும் பிசகவில்லை. இலவசம் இன்றோடு முடிகிறது. இனி காசு கட்டவேண்டும், கட்டுவதற்கு முன்னால் அது ஒரே ஒரு கேள்வி கேட்கிறது. கணக்கைப் பார்க்கப்போவது ஒருவரா, இருவரா? காலையிலிருந்து அந்தக் கேள்வியில்தான் விரல் நிற்கிறது. இருவர் என்றால் கொஞ்சம் கூடுதல், அதுவா பெரிது… ஒருவர் என்று போட்டால் மெய்ராம் அங்கிருந்து எட்டிப்பார்க்க முடியாது. பழைய மென்பொருளில் அவனுக்கும் சாவி உண்டு. முதல் வருஷம் முழுக்க நடுராத்திரியில் எழுப்பிக் கேட்பான், டயர் இவ்வளவு விலைக்கா வாங்கினே, யார்கிட்ட வாங்கினே என்று. புறப்படும்போது விமான நிலையத்தில் சொன்ன கடைசி வார்த்தைகூட, எதை மாத்துறதா இருந்தாலும் என்னைக் கேட்டுட்டு மாத்து என்பதுதான்.

அக்கா கடைக் கணக்கை யார் யார் பார்ப்பாங்க என்று ஷோல்பான் கேட்டாள், சும்மா கேட்பதுபோல. ரவ்ஷான் சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல், “நான் ஒருத்திதான். என் வீட்டுக்காரர் உள்ளே வரமுடியாது பாரு, அந்தச் செயலியில எனக்குப் புடிச்சதே அதுதான்” என்றாள். இரண்டு பேரும் சிரித்ததில் கார் லேசாக ஆடியது. ஷோல்பானுக்கு மனது தெளிந்துவிட்டது. ஒருவர்தான். அவன் போனபோது இரண்டு கார், மூன்றாவதை வாங்கியது யார்… சரிப்படாத வாத்தியாரை அனுப்பிவிட்டு நல்லவரைப் பிடித்துவந்தது யார்… சண்டைக்கு வரட்டும், பதில் வரிசையாக நிற்கிறது.

கால்வாய் ஓரம், பாப்ளார் மரங்களின் கீழே நிறுத்தச் சொன்னாள். ரவ்ஷான் சமூசா வாங்கிவர இறங்கிப் போனாள். கொரியாவில் மெய்ராமுக்கு இந்நேரம் வேலை முடிந்திருக்கும். கூப்பிட்டதும் எடுத்தான், பின்னால் யாரோ பாத்திரம் கழுவும் சத்தம். அவள் நிமிர்ந்து உட்கார்ந்து, பழசை விடப்போவதையும் புதிதை எடுக்கப்போவதையும் ஒரே மூச்சில் சொன்னாள்.

“உனக்கு எது சுலபமோ அதை வெச்சுக்கோ” என்றான் மெய்ராம்.

“ஒருத்தருக்குப் போடவா, ரெண்டு பேருக்கா?”

“ஒருத்தருக்குப் போதும். எனக்கு எதுக்கு?”

பிறகு அங்கே மழை என்றான், உடம்பைப் பார்த்துக்கொள் என்றான், வைத்துவிட்டான். அவ்வளவுதான். ஷோல்பான் ஒருவர் என்பதைத் தொட்டாள், காசு கட்டினாள், உரிமையாளர் என்ற இடத்தில் தன் பெயரை எழுத்துப் பிழையில்லாமல் அடித்தாள், திரை பச்சையாகி வாழ்த்துச் சொன்னது. நல்ல முடிவு, சரியான முடிவு, இன்னொரு தடவை கேட்டாலும் இதைத்தான் செய்வாள். ஆனால் எனக்கு எதுக்கு என்றானே, அது நம்பிக்கையா… நீதான் நன்றாகப் பார்த்துக்கொள்கிறாயே என்பதா… அப்படித்தான் இருக்கவேண்டும், குரலில் கோபம்கூட இல்லையே. கோபம்கூட இல்லை. டயர் விலைக்கு ராத்திரி தூக்கத்தைக் கெடுத்தவன் கடைசியாக எப்போது விலை கேட்டான், இந்த வசந்தத்திலா, அதற்கு முந்தைய குளிரிலா… அவளுக்கு நினைவில் இல்லை. திரும்பி வரப்போகிறவனுக்கு என்ன விலை என்றாவது தெரியவேண்டாமா? ரவ்ஷான் காகிதப் பொட்டலத்தோடு சாலையைக் கடந்து வந்துகொண்டிருந்தாள், காற்று அவள் தலைத்துணியை இழுத்தது. அவன் கேட்டிருந்தாலும் ஷோல்பான் சாவியைக் கொடுத்திருக்கமாட்டாள்தான். ஆனாலும் ஒரு தடவை கேட்டிருக்கலாம்.