கம்பெனியில் பாதி

மருந்துக்கடை மாடியில் எடுத்த ஒற்றை அறைதான் லேகாவின் கம்ப்யூட்டர் கம்பெனி. நெய்யாற்றின்கரை பஸ் ஸ்டாண்டின் இரைச்சல் முழுவதும் ஜன்னல் வழியாக உள்ளே வந்தது.

"இன்ன சம்பளம்னு உறப்பா இப்ப சொல்லக் கழியாது ப்ரியா. கம்பெனியில பாதி உனக்காக்கும்," என்றாள் லேகா.

கிருஷ்ணப்ரியா திருவனந்தபுரத்தில் ஒரு வங்கிக்கு புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தாள். நிரந்தர வேலை. தொண்ணூற்றேழில் அதை யாரும் விடமாட்டார்கள். "பேங்கு ஜோலிய விட்டிட்டு மருந்துக்கடை மாடிக்கா போறே?" என்று அப்பா பூதலிங்கம் காலையில் கேட்டிருந்தார்.

"பாதின்னா, அதுல என்ன உண்டு?"

"நம்ம ரெண்டு பேரு, ரெண்டு கம்ப்யூட்டர், ஒரு ஆஸ்பத்திரி. வா, காட்டுதேன்."

பாறசாலையில் ஒரு சின்ன தனியார் ஆஸ்பத்திரி. சீட்டுக் கொடுக்கும் தங்கபாய், கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருந்தாள். தோழிகள் இருவரும் அவள் பின்னால் நின்றார்கள். காலில் புண் சீழ்பிடித்து, காய்ச்சலில் துவண்ட கணவனைத் தாங்கியபடி பொழியூரிலிருந்து ஒருத்தி வந்தாள்.

"பழைய சீட்டு உண்டா?"

"சீட்டா? வீடே கடல்ல போச்சு மக்கா. பேரு பொன்னுதாஸ்."

தங்கபாய் தட்டினாள். தமிழும் மலையாளமும் கலந்த இந்த எல்லைப்பக்கத்தில் ஒரே பெயரை ஆளுக்கொரு விதமாக ஆங்கிலத்தில் எழுதுவார்கள். எப்படி எழுதினாலும் ஒலியை வைத்துத் தேடிப்பிடிக்கும் புரோகிராம் ஒன்றை ப்ரியா விடுமுறை நாட்களில் விளையாட்டாக எழுதி லேகாவிடம் கொடுத்திருந்தாள். அது என்ன ஆயிற்று என்று கேட்டதுகூட இல்லை. லேகா அதை இந்த ஆஸ்பத்திரியின் பதிவேட்டில் சேர்த்திருந்தாள். இப்போது கறுப்புத் திரையில் நாலு பொன்னுதாஸ்கள், நாலு விதமான எழுத்தில். தங்கபாய் ஊரைப் பார்த்து ஒன்றைத் திறந்தாள். வாசித்ததும் எழுந்து கத்தினாள்.

"டாக்டரே, இவியளுக்கு பென்சிலின் வேண்டாம். போன வருசம் போட்டப்ப மூச்சு முட்டியிருக்கு!"

மனைவி கண்ணாடியில் முகத்தை ஒட்டிப் பார்த்தாள். "எங்க பேரு இதுல உண்டா?"

"உண்டு அக்கா. உள்ள கூட்டிட்டுப் போங்க."

ப்ரியா குனிந்து திரையைப் பார்த்தாள். கடல் கொண்டுபோகாத ஒன்று அந்தத் திரையில் இருந்தது. அதில் கொஞ்சம் அவள் கையால் எழுதியது.

தங்கபாய் லேகாவிடம் திரும்பினாள். "இது இல்லாம இனி எனக்குக் கழியாது. நீங்க கம்பெனிய மூடிட்டுப் போயிரப்பிடாது, கேட்டேளா?"

லேகா சிரித்துத் தலையாட்டினாள். ப்ரியாவுக்குச் சிரிப்பு வரவில்லை. வங்கியில் அவள் இல்லையென்றால் இன்னொருவர் வருவார்.

"நாளைக்கு உனக்கு ஒண்ணுன்னா இத யாரு பாத்துக்கிடுவா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"அதுக்காக்கும் உன்ன விளிச்சேன்."

ப்ரியா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுத் தங்கபாயின் பக்கத்தில் உட்கார்ந்தாள். வரிசை வாசல்வரை நீண்டிருந்தது. ஒவ்வொருவராகக் கண்ணாடியின் வட்ட ஓட்டைக்குக் குனிந்து தங்கள் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.