யானையால் அடித்த வழக்கு

பெரியவர் குடும்ப நீதிமன்றத்துக்குள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் நுழைந்தார். தன் வம்சத்தில் எவனும் பிள்ளை மேல் கை வைத்ததில்லை என்பது அவர் கட்சி. மகன் தன் ஐந்து வயதுப் பெண்ணை அடித்தான் என்று மருமகள் மனுப் போட்டிருந்தாள். குழந்தை இனி சனிக்கிழமைகளில் அப்பா வீட்டுக்கு வருவாளா மாட்டாளா என்பதை இன்று முடிவு செய்ய வேண்டும்.

குழந்தைநல அலுவலர் தன் ஒலிப்பதிவை ஓடவிட்டார்.

“அப்பா உன்னை அடிச்சாரா, கண்ணு?”

“இல்ல.”

“நல்லா யோசி. தைரியமா உண்மையைச் சொன்னா ஆன்ட்டி ஸ்டிக்கர் தருவேன். அடிச்சாரா?”

“இல்ல.”

ஒன்பதாவது முறை கேட்டபோது குழந்தை கொட்டாவி விட்டுக்கொண்டு, “ஆமா” என்றாள்.

“வெரி குட்! எதால அடிச்சார்?”

“யானையால.”

“வேற யாராவது அடிச்சாங்களா?”

“நீங்க.”

நீதிபதி அம்மா அறிக்கையைப் புரட்டினார். “இதுல யானையைக் காணோமே?”

“படிவத்துல யானைக்குக் கட்டம் இல்லைங்கம்மா. ‘கனமான பொருள்’னு இருந்துச்சு, அதுல டிக் போட்டேன்.”

“உங்களையும் சொல்லியிருக்காளே?”

“அது வழக்குக்குச் சம்பந்தமில்லாததுன்னு விட்டுட்டேன்.”

பெரியவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. முப்பது வருடம் நிலம் அளந்தவர் அவர். வேண்டிய எண் வரும்வரை ஒரே வரப்பைத் திரும்பத் திரும்ப அளந்த உதவியாளனைச் சீட்டைக் கிழித்து அனுப்பியவர். சட்டென்று எழுந்தார். “அம்மா, என்கிட்டயும் ஒரு பதிவு இருக்கு. போன சனிக்கிழமை எடுத்தது.”

மகனின் வக்கீல் அவர் சட்டை நுனியைப் பிடித்து இழுத்தார். “ஐயா, உக்காருங்க. நான் இன்னும் அதைக் கேக்கவே இல்ல.”

“விடுப்பா தம்பி. எங்க குடும்ப மானம் இது.” கைபேசியை நீட்டி, பதிவை அவரே ஓடவிட்டார். கேள்வி கேட்டது அவர் குரல்.

“அப்பா தங்கமானவர்தானே, பாப்பா?”

“ம்.”

“ம்னு சொன்னா கோர்ட்டுக்குக் கேக்காது. வாயைத் திறந்து சொல்லு.”

“தங்கம்.”

“அப்பா உன்னை அடிக்கவே மாட்டார்தானே?”

“அன்னிக்கு…”

“அன்னிக்கும் இல்ல, இன்னிக்கும் இல்ல. மாட்டார்னு சொல்லு, ஐஸ்கிரீம் வாங்கித் தரேன்.”

“மாட்டார்.”

மருமகளின் முகம் வெளுத்துவிட்டது. மகன் திரும்பி அப்பாவைப் பார்த்தான்.

“அன்னிக்கு என்ன நடந்துச்சுன்னு கேட்டீங்களா, ஐயா?” என்றார் நீதிபதி.

பெரியவர் பொய் சொல்லிப் பழகாதவர். “கேக்கலம்மா.”

“ஒருவேளை ஒண்ணுமே இல்லாததா இருக்கலாம். ஏதோ இருந்தும் இருக்கலாம். இப்ப அது யாருக்குத் தெரியும்? ஒருத்தர் ஸ்டிக்கர் குடுத்தாச்சு, ஒருத்தர் ஐஸ்கிரீம் குடுத்தாச்சு.”

குழந்தையிடம் பேசத் தெரிந்த ஒருவரை நியமித்தார் நீதிபதி. அவரிடம் தேதி கிடைக்க மூன்று மாதம் ஆகும். அதுவரை சனிக்கிழமைகள் இல்லை.

வெளியே படிக்கட்டில் மகன் நின்றான். “அப்பா, அவ வாயைத் திறந்தப்ப விட்டிருக்கலாமில்ல? நான் அடிக்கலன்னு அவளே சொல்லியிருப்பா.”

“குடும்ப மானம்டா…” என்று ஆரம்பித்தார் பெரியவர்.

“மானம் உங்ககிட்டயே இருக்கட்டும்ப்பா. எனக்கு என் பொண்ணு வேணும்.”

மகன் இறங்கிப் போனான். பெரியவர் திரும்பி உள்ளே சென்று, எழுத்தரிடம் ஒரு வெள்ளைத்தாள் கேட்டு வாங்கினார். ‘என் பதிவில் உள்ள பதில்கள் நான் சொல்லிக் கொடுத்தவை. நம்ப வேண்டாம்’ என்று எழுதி, முழுப் பெயரையும் போட்டுக் கையெழுத்திட்டார்.