அளவெடுத்துத் தைத்த சட்டை

நான்காவது படத்துக்கு வந்ததும் கூடைக்காரியின் கையில் பேனா நின்றுவிட்டது. அதுவரை மளமளவென்று எழுதிக்கொண்டுதான் வந்தாள். ஏரிக்கரையில் முப்பது வருஷத்துக்கு மேல் மீன்கூடை சுமந்து, நாற்பத்தெட்டு வயதில் எழுத்துக்கூட்டக் கற்றவள். ஒவ்வொரு எழுத்தும் குண்டுக்கல் மாதிரி உட்காரும். பத்தடி தள்ளி நின்றாலும் கண்ணில் அறையும். அதனால்தான் கண்காட்சிக்குப் பெயரட்டை எழுதும் வேலையை, எழுத்து சொல்லிக்கொடுத்த டீச்சர் அவளிடம் தள்ளிவிட்டிருந்தாள். கழுத்து எலும்பு தேய்ந்து கூடையை இறக்கி வைத்தவளுக்கு இந்த வேலை பிடித்துத்தான் இருந்தது. உட்கார்ந்தபடி செய்கிற வேலை ஒன்று உலகத்தில் இருக்கிறது என்பதே அவளுக்குப் புதுசு.

இடம், கரையிலிருந்த பழைய ஐஸ் அறை. இரண்டு நாளாகக் கழுவியும் மரத்தூள் வாடை போகவில்லை. சுண்ணாம்பு அடித்த சுவரோரம் படங்கள் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன: வலை இழுக்கும் ஆட்கள், கவிழ்த்த படகுகள், தராசு முன்னால் நிற்கும் பெண்கள். ஐம்பது வருஷத்துக்கு முன்னால் கரைக்கு வந்துபோன படக்காரரின் மகள், பரணிலிருந்த தகரப்பெட்டியைத் தூக்கி டீச்சரிடம் கொடுத்திருந்தாள். ஈரம் புகுந்து பாதி ஃபிலிம் வீண். மிச்சத்தில் பல முகங்களைப் பூஞ்சை தின்றிருந்தது. ஒருவருக்கு நெற்றியோடு சரி, ஒருவருக்குக் காதோடு சரி.

அந்த வரிசையில் ஐந்து படங்களில் ஒரே கோடு போட்ட சட்டை. ஐந்திலும் முகம் இல்லை. படம் மாட்ட உதவிக்கு வந்த படகுக்காரர் பார்த்த மாத்திரத்தில், "எங்கப்பா! அவருக்குப் படம் எடுத்துக்கிறதுன்னா உசுரு" என்று சொல்லிவிட்டார். டீச்சரும் வருஷத்துக்கு ஒன்றாக எடுத்தது போலும் என்று ஐந்துக்கும் அவர் அப்பா பெயரையே குறித்துக் கொடுத்திருந்தாள்.

"டீச்சர், இந்த நாலாவதுக்கு இந்தப் பேரை நான் எழுத மாட்டேன்."

"ஏன்க்கா, கஷ்டமான எழுத்தா?"

"எழுத்தெல்லாம் வருது. ஆளுதான் வேற. இது எங்கப்பா."

ஸ்டூல் மேல் நின்று ஆணி அடித்துக்கொண்டிருந்த படகுக்காரர் சுத்தியலோடு திரும்பினார். "நாளைக்குத் திறப்பு வெச்சுக்கிட்டு இன்னைக்கு ஆரம்பிச்சிட்டியா? சட்டையப் பாரு. காலர்ல எங்கம்மா போட்ட ஒட்டு கூடத் தெரியுது."

"சட்டை உங்கப்பாதுதான் அண்ணே, யாரு இல்லேன்னா? உள்ள இருக்கிறது எங்கப்பா."

டீச்சர் சிரித்துவிட்டு, இருவர் முகத்தையும் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

நடந்ததைக் கூடைக்காரி சொன்னாள். அவளுக்கு ஏழு வயசு அப்போது. மீன்பிடி அட்டைக்குப் படம் வேண்டும், வெற்றுடம்போடு எடுத்த படம் செல்லாது என்று அதிகாரி சொல்லிவிட்டுப் போனார். கரையில் முழுக்கைச் சட்டை வைத்திருந்தவர் படகுக்காரரின் அப்பா ஒருவர்தான். ஆட்கள் வரிசையாக நின்றார்கள். ஒருவர் கழற்ற, ஒருவர் மாட்ட, சட்டைக்குச் சொந்தக்காரர் வெற்றுடம்போடு பக்கத்திலேயே நிற்க, படக்காரர் "மூச்சைப் பிடி" என்று கத்த, கவிழ்த்த கூடை மேல் உட்கார்ந்து அவள் எல்லாவற்றையும் பார்த்தாள். அடுத்த வருஷம் பேய்க்காற்று அடித்த ஒரு நாளில் அப்பா வலையோடு போனார். இடுப்பில் செருகியிருந்த அட்டையும் அதிலிருந்த படமும் அவரோடே போயின. வீட்டில் அவருக்கென்று இருந்தது ஒரு துடுப்புதான். அதையும் ஒரு மழைக்காலத்தில் அடுப்பு தின்றது. இப்போது இந்தப் பெயரட்டையில் வேறு பெயர் விழுந்தால் அவர் இரண்டாம் தடவை முழுகினது மாதிரி. இந்தத் தடவை முக்கினது அவள் கையெழுத்தாக இருக்கும்.

"அப்ப எங்கப்பா அதை ஊருக்கே மாட்டி விட்டாராக்கும்?" என்றார் படகுக்காரர்.

"ஆமா. ஒரு வார்த்தை முணுமுணுக்காம குடுத்தாரு. நீங்க அப்ப டவுன்ல படிச்சிட்டு இருந்தீங்க, உங்களுக்கு எங்க தெரியும்?"

"வாயால சொன்னா ஆச்சா?"

கூடைக்காரி எழுந்தாள். இரண்டாவது படத்தைத் தூக்கி நான்காவதின் பக்கத்தில் வைத்தாள். இரண்டாவதில் சட்டைக்கை விரல் முட்டி வரை மூடியிருந்தது. நான்காவதில் மணிக்கட்டுக்கு ஒரு சாண் மேலேயே நின்றுவிட்டது.

"அண்ணே, புள்ளையப் பெத்த ஆளு ரெண்டு வருஷத்துல இத்தனை வளருவானா?"

அவள் தன் கையை நீட்டிப் படத்தின் கையோடு ஒட்டிப் பிடித்தாள். ரவிக்கை தைக்கிறவள் முதல் வளையல்காரர் வரை கேலி செய்த கை. எலும்பு துருத்திய அதே மணிக்கட்டு, உள்பக்கம் லேசாக மடங்கிய அதே சுண்டுவிரல். "முகத்தைத்தானே பூஞ்சை தின்னுச்சு? இதை நான் தினமும் சோத்துத் தட்டுல பாக்குறேன்."

டீச்சர் பென்சிலை எடுத்து, குறிப்பில் நான்காவது பெயரை அடித்தாள்.

படகுக்காரர் ஸ்டூலிலிருந்து இறங்கினார். ஐந்து படங்களையும் வரிசையாக வைத்து, ஒவ்வொன்றின் முன்னும் குந்தி உட்கார்ந்து பார்த்தார். ஒன்றில் தோள் தொங்கியது. ஒன்றில் பொத்தான் மாட்டவில்லை. ஒன்றில் கழுத்துக்குள் கைவிடலாம். மறுபடியும் முதலிலிருந்து பார்த்தார்.

"அளவெடுத்துத் தைச்ச சட்டை," என்றார் மெல்ல. "எங்கப்பாவுக்கு அளவாப் பிடிச்சு வெச்ச மாதிரி இருக்கும்." கடைசிப் படத்தின் தோளை விரலால் தொட்டார். "இதுல ஒண்ணுலகூட அவரு இல்ல."

ஜெயித்த ஜோரில் இருந்த கூடைக்காரிக்குச் சட்டென்று என்னவோ போலாகிவிட்டது. அழிந்துபோன ஃபிலிம்களில் ஒன்றில் அவர் இருந்திருப்பார். தன் அப்பாவின் பெயரை மூச்சு விடாமல் எழுதி முடித்தாள், கீழே "வலைக்காரர்" என்றும் போட்டாள். மை காயும் வரை அட்டையைக் கையில் வைத்திருந்தாள். அப்புறம் கேட்டாள்.

"டீச்சர், இந்தப் படமெல்லாம் எடுத்தது எடுத்தபடி முழுசா இருக்கா?"

"இல்லக்கா. சட்டத்துக்குள்ள அடங்கணும்னு ரெண்டு ஓரத்தையும் வெட்டச் சொன்னேன்."

"வெட்டினது என்ன?"

"சும்மா கரை, மண்ணு... நான் சரியாப் பாக்கல."

"ஃபிலிமை எடுங்க. நீங்களும் வாங்க அண்ணே, குந்திட்டே இருந்தா எப்படி?"

மூவரும் வாசலுக்கு வந்தார்கள். ஏரி வெயிலில் கண் கூசியது. டீச்சர் காகித உறையிலிருந்து தீப்பெட்டி அளவு ஃபிலிம் ஒன்றை உருவி வெளிச்சத்துக்குப் பிடித்தாள். கறுப்பெல்லாம் வெளுப்பாகவும் வெளுப்பெல்லாம் கறுப்பாகவும் இருந்தது. நடுவில் நீளக்கையோடு வலைக்காரர். இடது ஓரத்தில் சட்டையில்லாத ஒரு தோள், குட்டையான தொப்பை, பாதிக் கை. தலை படத்துக்குள் விழவில்லை.

படகுக்காரர் அதை வாங்கிக்கொண்டார். கண்ணுக்கருகே கொண்டுபோனார், தள்ளிப் பிடித்தார். "இதைப் பெருசாப் போட முடியுமா டீச்சர்?"

"போடலாம். ஆனா முகம் வராதுங்க."

"முகத்தை யாரு கேட்டா?"

கூடைக்காரி அடுத்த உறையைப் பிரித்து நீட்டினாள். அதிலும் ஓரத்தில் அதே தோள். அதற்கடுத்ததில் தோள் இன்னும் கொஞ்சம் உள்ளே வந்திருந்தது. ஐந்தாவதை அவர் ஏரிக்கு நேராக உயர்த்திப் பிடித்தார். அந்தக் கோடு போட்ட சட்டைக்குப் பக்கத்தில் வெற்றுடம்பு விளக்கேற்றியது போல வெள்ளையாக எரிந்தது. அதன் கை முன்னால் நீண்டு, விரல்கள் விரிந்து, அடுத்தவன் காலரைச் சரிசெய்துகொண்டிருந்தது.