தூணுக்கு விட்ட இடம்

என் அம்மா சந்தனமேரிக்குக் கோபம் வந்தால் லேசில் தணியாது. இரண்டு வருடத்துக்கு முன்பு, ராஜபாளையத்தில் எங்கள் திருச்சபையின் பழைய கோயிலை இடித்துப் புதிதாகக் கட்டுவதென்று சபைக் கூட்டத்தில் முடிவானது.

"ஓடு ஒழுகுனா ஓட்டை மாத்துங்க. அதுக்காகக் கோயிலையே இடிப்பாகளா?" என்று கேட்டாள். யாரும் காதில் வாங்கவில்லை. ஜேசிபி வந்த அன்று, "கோயிலே போச்சு, இனி நான் எங்க வர?" என்று சொல்லிவிட்டுக் கிளம்பியவள்தான். பிறகு எனக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் வேலை கிடைத்து, அங்கேயே குடிவந்தோம். அவளுக்கு அது நல்ல சாக்காகப் போயிற்று. அரைமணி நேர பஸ் பயணத்தை அயல்நாட்டுப் பயணமாக்கிவிட்டாள்.

இப்போது எனக்கும் ரிச்சர்டுக்கும் கல்யாணம் பேசியாயிற்று. ரிச்சர்டின் சபையில் கறாராகச் சொல்லிவிட்டார்கள். நான் ராஜபாளையம் சபையாள்தான் என்று எங்கள் போதகர் கடிதம் தரவேண்டும். கடிதம் வராமல் கல்யாண அறிவிப்பு வாசிக்க மாட்டார்கள், அறிவிப்பு வாசிக்காமல் கல்யாணம் இல்லை.

"நம்ம பேரை எப்பவோ அடிச்சிருப்பாக, ஜெனிலா. நான் போட்ட சண்டைக்கு நீ கெடந்து அனுபவிக்கணும்னு இருக்கு" என்றாள். அம்மா பயந்து நான் பார்த்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறினோம். கோயில் இருந்த இடத்தில் வேலை பாதியில் நின்று, கம்பிகள் துருப்பிடித்திருந்தன. ஆராதனை சீனிச்சாமி அண்ணாச்சியின் பேண்டேஜ் கம்பெனி ஷெட்டில் என்றார்கள். அவர் கிறிஸ்தவர் இல்லை. ஆனாலும் சனிக்கிழமைதோறும் துணி மூட்டைகளை ஓரங்கட்டி, தரையைக் கூட்டி வைத்துவிடுவாராம்.

"மூட்டைகளுக்கு நடுவுல என்ன ஆராதனை" என்று வாசல்வரை முணுமுணுத்துக்கொண்டே வந்தாள் அம்மா.

உள்ளே பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. அவ்வளவு பெரிய ஷெட்டில் யாரும் தாராளமாக உட்காரவில்லை. பழைய கோயிலில் இருந்தபடியே நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். எப்போதும் தாமதமாக வரும் பென்சன் அண்ணன் குடும்பம் வாசலோரம். பெண்கள் பக்கம் ஒரே பாயில் நாலு பேர் இடித்துக்கொண்டிருக்க, அவர்களை ஒட்டி நட்டநடுவில் மட்டும் கொஞ்சம் தரை காலியாகக் கிடந்தது.

என் சிநேகிதி ஷீனா கையசைத்தாள். "வாங்க அத்தை. பழைய கோயில்ல இங்கன தூணு இருந்துச்சுல்லா, அதை ஒட்டுனாப்ல உங்க இடம்."

"தூணு எங்கட்டி இருக்கு?"

"இல்லதான். முத வாரம் வந்தப்பவே எல்லாரும் பழக்கத்துல அவுகவுக இடத்துல உக்காந்துட்டோம். தூணுக்கும் சேத்து இடம் விட்டாச்சு. தூணுக்கே விட்டவுக உங்களுக்கு விடமாட்டமா?"

அம்மா போய் உட்கார்ந்தாள். ஜெபம் தொடங்கியதும் கண்ணை மூடி, இருபது வருடப் பழக்கத்தில் பின்னால் சாய்ந்தாள். தூண் எங்கே இருக்கிறது? அப்படியே பின்னால் இருந்த ஷீனாவின் மடியில் சரிந்தாள். ஷீனா தாங்கிப் பிடித்துக்கொண்டாள். ஜெபம் முடியும்வரை அம்மா எழுந்திருக்கவில்லை.

ஆராதனை முடிந்ததும் போதகர் எட்வின் ஐயா பைபிளுக்குள்ளிருந்து கடிதத்தை எடுத்து நீட்டினார். கல்யாணச் செய்தி கேள்விப்பட்டு முன்னமே எழுதி வைத்திருந்தார்.

"ரெண்டு வருசமா எட்டிப் பாக்கலையே ஐயா. எங்க பேரு இன்னுமா இருக்கு?" என்றாள் அம்மா.

"கட்டடத்தைத்தானம்மா இடிச்சோம். சபையை யாரு இடிச்சா? நீங்க திரும்பி வரணும்னு வாராவாரம் ஜெபம் பண்ணிக்கிட்டுல்லா இருக்கோம்."

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு கடிதத்தை மடித்து அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள்.

"இது உங்ககிட்டயே இருக்கட்டும் ஐயா. அடுத்த ஞாயித்துக்கெழம வந்து வாங்கிக்கிடுதேன்."