தாகமில்லாத எலி தண்ணீர் குடித்தது

வீட்டில் அவளுக்கு எலிக்காரி என்றே பெயர் விழுந்துவிட்டது. ஆராய்ச்சிக்கூடத்தில் அவள் பார்த்த வேலை அப்படி. எலியின் மூளையில் தாகத்தை உண்டாக்கும் நரம்பணுக்களுக்குள், வெளிச்சம் பட்டால் விழித்துக்கொள்ளும் ஒரு புரதத்தை வரவழைத்திருந்தாள். முடி போன்ற கண்ணாடி இழை வழியே நீல ஒளியைப் பாய்ச்சினால், வயிறு முட்டக் குடித்த எலியும் ஓடிப்போய்க் குழாயை நக்க வேண்டும். எலிகள் நக்கின. பேராசிரியர் வாயெல்லாம் பல்லாக ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார்.

வினை ஒரு குண்டு எலி உருவில் வந்தது. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக அந்தப் புரதம் இல்லாமலே வைத்திருந்த எலி அது. ஒளி போட்டாலும் அதன் மூளையில் எதுவும் நடக்கக் கூடாது. அதுவும் ஓடிப்போய்க் குடித்தது.

"உனக்கு என்ன கேடு? நீ எதுக்குக் குடிக்கிற?" என்று அதனிடமே சண்டை போட்டாள். இழையை மாற்றினாள். குடித்தது. வெளிச்சம் கசிந்து கண்ணில் படுகிறதோ என்று இணைப்பில் கறுப்பு டேப் சுற்றினாள். குடித்தது. கடைசியில் இழையையே கழற்றிவிட்டு ஸ்விட்சைப் போட்டாள். அப்போதும் குடித்தது.

பேராசிரியர் எட்டிப்பார்த்தார். "ஒரு எலிதானேம்மா? விட்டுத் தள்ளு. நாளைக்கு இதைப் பாக்க விருந்தாளிங்க வர்றாங்க."

"அது குடிக்கக் கூடாதுன்னுதான் சார் அதை வச்சிருக்கோம். அது குடிச்சா, மத்தது குடிச்சதுக்கும் அர்த்தமே இல்ல."

அவர் காதைச் சொறிந்துகொண்டு போனார். அந்த நேரம் பார்த்து அண்ணி போன் செய்தார்.

"உன் மருமக ஸ்கூல்ல தண்ணி பாட்டிலைத் தொடாம அப்படியே திருப்பிக் கொண்டு வர்றா. அவ தலையிலயும் ஒரு லைட்டைப் போட்டு விடேன்."

"அண்ணி, நானே கடுப்புல இருக்கேன். வைங்க போனை."

மேசையில் தலையைக் கவிழ்த்தபடி, ஆத்திரத்தில் ஸ்விட்சை மறுபடி தட்டினாள். காதருகே 'டிக்' என்றது. ஒளியை ஏற்றும் பெட்டியின் சத்தம். நிமிர்ந்து உட்கார்ந்தாள். எலிகளைப் பழக்கிய நாட்களில் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டதும் இதே பெட்டிதான். 'டிக்' என்றால் புதுத் தண்ணீர் என்று எல்லா எலிகளும் கற்றுவைத்திருந்தன.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்ப் பக்கத்து அறையில் வைத்து, நீளமான இழையில் இணைத்து, ஸ்விட்சைப் போட்டாள். குண்டு எலி அசையவே இல்லை. அவளுக்கு அதைக் கொஞ்ச வேண்டும் போலிருந்தது. ஆனால் புரதம் வைத்த எலிகளிலும் பாதி அசையவில்லை. மிச்சப் பாதிதான் ஒளி பட்டதும் குடித்தது.

"பாதி போச்சேம்மா!" என்று பேராசிரியர் தலையில் கை வைத்தார்.

"இருக்கிற பாதி நிஜம் சார். இத்தனை நாளா மூளையைப் பத்திப் பேசுறோம்னு நினைச்சுக்கிட்டு 'டிக்'கைப் பத்திப் பேசிட்டிருந்தோம்."

மறுநாள் விருந்தாளிகள் முன்னால் ஒரு எலியைக் காட்டினாள். ஏற்கெனவே வயிறு நிறையக் குடித்து, மூலையில் சுருண்டு கிடந்தது. ஒளி ஏறியதும் எழுந்து போய் விடாமல் நக்கியது. பாதியில் அணைத்தாள். நக்கிய வாயை எடுத்துவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டது. விருந்தாளிகள் கூண்டை நெருங்கிக் குனிந்தார்கள். அதை எத்தனையோ தடவை பார்த்த அவளுக்கே உடம்பு சிலிர்த்தது.

பேராசிரியர் தொண்டையைச் செருமினார். "ஆரம்பத்திலிருந்தே எனக்கு அந்தச் சத்தத்து மேல ஒரு சந்தேகம் இருந்துச்சு" என்று தொடங்கினார்.

எலிக்காரி பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்த எலியை எடுக்கப் போனாள்.