இருபது பேருக்குத் திறக்கும் அலமாரி

பூட்டும் உடையவில்லை, காற்றும் அடிக்கவில்லை. ஆனாலும் அந்த மர வீட்டின் கீழ்க்கூடத்து அலமாரி நாளுக்கு நாலு தடவை தானாகவே வாயைப் பிளந்தது. இருநூறு வருட வீடு. ஊரார் வந்து பார்ப்பதற்காக ஓர் ஆணிகூட மாற்றாமல் காப்பாற்றி வைத்த வீடு. கீழ்த்தளத்தைப் பார்த்துக்கொள்பவளைச் சாவிக்காரி என்பார்கள். பழி அவள் தலையில்தான் விழுந்தது.

"நீங்கதான் தொறந்து தொறந்து பாக்குறீங்க," என்றார் மேலாளர். "நாளைக்கு ஆள் வர்றான். ஓட்டை போட்டு இரும்புத் தாழ்ப்பாள் மாட்டிடலாம்."

தினமும் தான் துடைக்கிற கதவு. தன் பல்லிலேயே துளை போடுவதுபோல அவளுக்குக் கூசியது.

மாடியைச் சுற்றிக் காட்டுகிற வழிகாட்டி அவளுடைய தம்பி. அவனைப் பிடித்தாள்.

"நீ மூணு பேரோட மேல போனா சும்மா இருக்கு. இருபது பேரோட போனா தொறந்துக்குது. ஏன்டா?"

"அலமாரிக்கும் கூட்டம்னா ஆசை போல, அக்கா."

"சிரி. வேலை போச்சுன்னா நேரா உன் வீட்லதான் வந்து உக்காருவேன்."

சிரிப்பு நின்றது.

அடுத்த கூட்டம் மாடியேறியபோது, தூணின் குழிக்குள் நுழைந்து கதவை மூடிப் பிடிக்கிற மரநாக்கில் விரல் வைத்து நின்றாள். மேலே பலகைகள் முனகின. விரலுக்கடியில் நாக்கு மெல்ல நழுவியது. கதவு திறந்தது.

"மேல என்னடா பண்ணீங்க?"

"மாடிக்கூடத்து நடுவுல நிக்க வெச்சு கூரைச் செதுக்கலைக் காட்டினேன். அங்கேர்ந்துதான் முழுசாத் தெரியும்."

அண்ணாந்து பார்த்தாள். மாடிக்கூடத்தின் நடுவைத் தாங்குவது ஒரே ஒரு நீள உத்திரம். அதன் முனை அலமாரியின் ஓரத்தூணில் செருகியிருந்தது. நடுவில் பாரம் ஏறினால் உத்திரம் நூலளவு தொய்யும். தூண் நூலளவு சாயும். தூணில் இருக்கிற குழி, கதவின் நாக்கைக் கைவிட்டுவிடும்.

பிற்பகல் இருபத்திரண்டு பேர் வந்தார்கள். அக்கா சொன்னபடி தம்பி அவர்களை மாடியில் சுவரோரமாக நிறுத்தினான். கீழே மேலாளர் கைகட்டிக் காத்திருந்தார். கதவு அசையவில்லை.

"இப்ப நடுவுக்கு வரச் சொல்லுடா," என்று குரல் கொடுத்தாள்.

கதவு மேலாளரின் மூக்கை உரசிக்கொண்டு திறந்தது.

தாழ்ப்பாள்காரனை வர வேண்டாமென்று சொல்லிவிட்டார்கள். இப்போது மாடிக்கூடத்தின் நடுவைச் சுற்றிக் கயிறு. கயிற்றுக்குள்ளே தரையில் ஒரு கண்ணாடி. சுவரோரமாக நின்றபடியே, குனிந்து, கூரையைப் பார்க்கலாம். பாரம் ஓரத்துத் தூண்களில் நேராக இறங்குகிறது, உத்திரம் தொய்வதில்லை, அலமாரி மூடியே இருக்கிறது.