சோதி கூப்பிட்ட பெயர்

சட்டையின் கை கொஞ்சம் நீளமாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியம், சத்வாவில் லுக்மானின் தையல் கடையில், கண்ணாடிக்கு முன்னால் கைகளை நீட்டிக்கொண்டு நின்றான் ஜெயசீலன். அல் கூஸில் ஏ.சி. உதிரிப்பாகங்கள் அடுக்கியிருக்கும் கிடங்கொன்றில் அவன் ஸ்டோர் கீப்பர், ஊர் யாழ்ப்பாணம். அன்று மாலை, கடையிலிருந்து நாலைந்து தெரு தள்ளியிருக்கும் கனகாவின் வீட்டுக்கு அவன் போகவேண்டும். கனகா ஒரு கிளினிக்கின் வரவேற்பு மேசையில் வேலை பார்ப்பவள். அந்தக் கிளினிக்கின் ஏ.சி. நின்றுபோன ஓர் ஆகஸ்ட் மாதத்தில் பழக்கமானவள். அவளுடைய தாய் மீனாம்பாள், மாப்பிள்ளையைப் பார்ப்பதற்கென்றே விசிட் விசாவில் பண்டத்தரிப்பிலிருந்து வந்து இறங்கியிருந்தார்.

"என்ன சீலா, மாப்ள முறுக்கு ஒண்ணையும் காணமே? ஜனாஸா தூக்கப் போறவன் மாதிரில்ல நிக்கிற," என்றான் லுக்மான். கீழக்கரைக்காரன். வாயில் குண்டூசியை வைத்துக்கொண்டே பேசப் பழகியவன்.

"கனகான்ர அம்மா ஒரு கேள்வி கேப்பாவாம்."

"சம்பளமா? கூட்டிச் சொல்லு. யாரு வந்து பாக்கப் போறா."

"சம்பளம் இல்லை பாய். என்ர அப்பா ஏன் அந்த இயக்கத்துக்குப் போனவர் எண்டு."

லுக்மான் ஊசிகளை வாயிலிருந்து எடுத்தான். கனகாவின் தாய்மாமனை, எண்பத்தாறாம் ஆண்டு இயக்கங்கள் ஒன்றையொன்று வேட்டையாடிய நாட்களில் மற்ற இயக்கத்துக்காரர்கள் சுட்டுக் கொன்றார்கள் என்பது அவனுக்குத் தெரியும். அந்த மற்ற இயக்கத்தில்தான் ஜெயசீலனின் தகப்பன் இருந்தார் என்பது தெரியாது.

"சரி, ஏன்தான் போனாராம்?"

ஜெயசீலன் சொன்னான். தகப்பன் இருந்த காலத்தில் கல்யாண வீடுகளிலும் கள்ளுக் கொட்டிலிலும் சொல்லிச் சிரிக்க வைத்த கதைதான். எண்பத்து நாலாம் ஆண்டு. தகப்பன் நவரத்தினமும் அவருடைய கூட்டாளி சோதியும் ஒரே வகுப்பு, ஒரே சைக்கிள், ஒரே வயது. இரண்டு பேரும் சோதியின் அண்ணர்மார் போன இயக்கத்துக்குத்தான் போவதென்று பேசி, மாதகல் கரைக்கு இருட்டோடு வந்துவிட்டார்கள். இந்தியாவுக்குப் போகும் படகு வருவதற்குக் கொஞ்சம் முன்னால் நவரத்தினத்துக்கு வயிறு கலக்கிவிட்டது. தாழம் பற்றைக்குப் பின்னால் போய்க் குந்தினார். படகு வந்தது, ஆட்கள் ஏறினார்கள், ஓட்டி காத்திருக்க மாட்டேன் என்றான். அவர் எழும்பி வந்தபோது கரையில் ஒருவருமில்லை. மாற்றுச் சாரமும் சட்டையும் இருந்த பையும் படகோடு போய்விட்டது. விடிவதற்குள் இன்னொரு படகு வந்தது. அது மற்ற இயக்கத்தின் படகு. வீட்டுக்குத் திரும்பிப் போக வெட்கமாக இருந்ததால் அதில் ஏறிவிட்டார்.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

லுக்மான் இயந்திரத்தின் மேல் கையை ஊன்றிச் சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்தினான். "ஏம்ப்பா, பொண்ணு வீட்டுல உக்காந்துக்கிட்டு வயித்தாலப் போச்சுன்னா சொல்லுவே? கொள்கைன்னு சொல்லு. கொள்கைன்னு சொல்லிட்டா எவனும் மறு கேள்வி கேக்க மாட்டான்."

"எந்தக் கொள்கை?"

"அது எனக்கு எப்படித் தெரியும்? உங்க ஊர்லதான் அது ஏகப்பட்டது கெடந்துச்சே."

கை குறைக்கப்பட்ட சட்டையைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தான். வெயில் சுவரிலிருந்து அடித்தது. பயமாக இருக்கவேண்டிய நேரம் இது என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. ஆனால் பயம் வரவில்லை. கிடங்கில் ஒரு பெட்டி குறைந்தால் தேடுவது போல ஒருமுறை உள்ளே தேடிப் பார்த்தான். இல்லை. கனகா வேண்டும் என்பது மட்டும் இருந்தது. அதுகூட, பசியில்லாத நேரத்தில் சாப்பிட வேண்டும் என்று நினைப்பதைப் போலத்தான் இருந்தது.

லுக்மானுக்குச் சொல்லாத இரண்டாம் பாதி ஒன்று உண்டு. தகப்பன் அதைக் கள்ளுக் கொட்டிலில் சொன்னதில்லை. ஜெயசீலனுக்குத் துபாய் விசா கிடைத்து, கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குப் போகும் வான் வண்டியில், ஒரே ஒரு தடவை சொன்னார். இயக்கத்தில் எல்லாருக்கும் ஓர் இயக்கப் பெயர் வைப்பார்கள். அவருக்கு வைத்த பெயர் றெஜி. வீட்டுப் பெயரைக் கூட இருப்பவனுக்கும் சொல்லக்கூடாது என்பது கட்டளை. எண்பத்தாறில், சோதி இருந்த இயக்கத்துக்காரர்களின் வீடுகளைச் சுற்றி வளைக்கும்படி உத்தரவு வந்த அன்று, ஒருவரையும் வெளியே விடாதே என்று சொல்லி றெஜியை, இருபக்கமும் வேலியடைத்த ஓர் ஒழுங்கையின் முகப்பில் நிறுத்தினார்கள். எந்த ஒழுங்கை என்று அவருக்குத் தெரியும். அந்த ஒழுங்கையில் அவர் எத்தனையோ நாள் சைக்கிள் விட்டிருக்கிறார். தாயைப் பார்க்க வந்திருந்த சோதி, வேலியைப் பிரித்துக்கொண்டு ஒழுங்கைக்குள் ஓடிவந்தான். முகப்பில் நிற்பவரைக் கண்டான். "நவம்" என்று கூப்பிட்டான். பின்னாலிருந்து வெடி விழுந்தது. சோதி நிலத்தில் விழுந்த பிறகும் ஒருமுறை கூப்பிட்டான். பக்கத்தில் நின்ற பெடியன், "ஆரடா நவம்?" என்று கேட்டான். "தெரியேல்லை" என்றார் றெஜி.

அதன் பிறகு அவர் இயக்கத்தை விட்டு ஓடி, கொழும்புக்குப் போய், அங்கிருந்து ஏஜென்சி ஒன்றின் மூலம் அரபு நாட்டு யான்புவுக்குப் போனார். எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் குழாய் பொருத்துகிறவருக்கு உதவியாளாக வருடக்கணக்கில் இருந்தார். வான் வண்டியில் இதையெல்லாம் சொல்லி முடித்தவர், "பாஸ்போட்டை மேல் பொக்கற்றுக்க வையாதை, குனியேக்க விழுந்திடும்" என்றார். அழவில்லை. ஜெயசீலனும் அழவில்லை. நான்கு வருடங்களுக்கு முன்னர் அவர் யாழ்ப்பாண ஆஸ்பத்திரியில் இறந்தபோது அவனுக்கு லீவு கிடைத்து ஊருக்குப் போனான். அப்போதும் அழுகை வரவில்லை.

முதல் பாதியைச் சொல்வது, இரண்டாம் பாதியைச் சொல்லாமல் விடுவது. இதுதான் அவன் எடுத்திருந்த முடிவு. செத்த சோதி கனகாவின் தாய்மாமன். சொன்னால் கனகா இல்லை.

கதவைத் திறந்தது கனகா. மூன்று குடும்பங்கள் பங்கு போட்டுக்கொண்ட வீடு. கூடத்தைப் பலகை வைத்து மறித்து அவளுக்கு ஓர் அறை. "அம்மா ரோல்ஸ் செய்திருக்கிறா. காணாததைக் கண்ட மாதிரிச் சாப்பிடுங்கோ," என்று அடங்கிய குரலில் சொன்னாள். உள்ளே கட்டிலின் ஓரத்தில் மீனாம்பாள் இருந்தார். மெலிந்த உடம்பு. காதில் தோடு மட்டும்.

"இருங்கோ தம்பி. வெயிலுக்குள்ளால நடந்தே வந்தனீங்கள்?"

"ஓம் அன்ரி. கிட்டத்தானே."

"பாருங்கோ, எங்கட பிள்ளையும் இப்பிடித்தான். பஸ்ஸுக்குக் காசு குடுக்கிறதெண்டா உயிர் போகும்."

"அம்மா!" என்றாள் கனகா.

"என்ன அம்மா? உள்ளதைத்தானே சொல்லுறன். கட்டினாப் பிறகு தெரியவந்தால் என்னையெல்லோ ஏசுவார்."

ரோல்ஸ் சூடாக இருந்தது. ஊர் வெங்காயத்தின் விலை, விமானத்தில் கொடுத்த சாப்பாடு, பக்கத்து அறை மலையாளக் குடும்பத்தின் குழந்தை என்று பேச்சு கொஞ்ச நேரம் ஓடியது. பிறகு மீனாம்பாள் தட்டை நகர்த்தி வைத்தார்.

"தம்பி, பிள்ளை சொல்லியிருப்பாள். உங்கட அப்பா ஏன் அங்க போனவர்?"

லுக்மானின் கொள்கை ஒரு கணம் நாக்கின் நுனிக்கு வந்தது. ஜெயசீலன் அதை விட்டுவிட்டு வயிற்றுக் கதையைச் சொன்னான். கனகாவுக்குச் சிரிப்பு வந்து, துப்பட்டாவால் வாயை மூடினாள். மீனாம்பாள் சிரிக்கவில்லை.

"அண்ணன் இவரைப் பாத்துக்கொண்டு நிண்டவரோ, இல்லை விட்டிட்டுப் போட்டாரோ?"

"நிண்டவராம். நவம், நவம் எண்டு ரெண்டு தரம் கூப்பிட்டவராம். ஓட்டி ஏசினாப் பிறகுதான் ஏறினதாம்."

"உங்கட அப்பாவுக்குக் கேட்டதோ?"

"கேட்டது. குந்தியிருந்த இடத்தில எப்பிடிக் குரல் குடுக்கிறது எண்டு பேசாமல் இருந்தவராம்."

"ம்," என்றார் மீனாம்பாள். கைவிரல்களை ஒவ்வொன்றாக நீவிவிட்டுக்கொண்டு, கறி வைப்பது பற்றிச் சொல்வதைப் போல அவர் சொல்லத் தொடங்கினார்.

"அண்ணனைச் சுடேக்க நான் குசினிக்குள்ள சமைச்சுக்கொண்டு நிண்டனான். எங்கட குசினிச் சுவருக்கு அங்கால ஒழுங்கை. நவம் எண்டு கூப்பிட்டது எனக்குக் கேட்டது. அதுவும் ரெண்டு தரம்தான். அவங்களுக்குள்ள அப்பிடி ஒரு பேர் இல்லை. அவங்களுக்கெல்லாம் வேற பேர். அதைக் கேட்டவைக்குள்ள நவம் எண்டால் ஆரெண்டு எனக்கு மட்டும்தான் தெரியும். எங்கட வீட்டில எத்தினை நாள் சோறு திண்டவர். நான் அம்மாவுக்குச் சொல்லேல்லை. சொன்னால் அந்த வீட்டு வாசலில போய் மண் அள்ளித் தூத்திச் சபிச்சிருப்பா. இப்ப அம்மாவும் செத்துப்போட்டா. பிள்ளை உங்கட அடையாள அட்டைப் படத்தை அனுப்பேக்க, நவரத்தினம் ஜெயசீலன் எண்டு பேரைப் பாத்திட்டுத்தான் நான் பிளேன் ஏறினனான்."

கனகா தாயைத் திரும்பிப் பார்த்தாள். அவளுக்கு இது புதிது.

"இயக்கம் கியக்கம் எனக்குத் தேவையில்லைத் தம்பி. ஆர் எதுக்குப் போனவை எண்டு கேட்டு நான் என்ன செய்யிறது? எனக்கு ஒண்டுதான் தெரியவேணும். சாகேக்க அண்ணன் பழைய கூட்டாளியை நினைச்சுக் கூப்பிட்டவரோ, இல்லை உங்கட அப்பா அங்க நிண்டவரோ?"

பொய் கையில் ஆயத்தமாக இருந்தது. அப்பா அந்த நேரம் கொழும்பில். இத்தனை வருடங்களுக்குப் பிறகு அதைப் பிழையென்று சொல்ல உயிரோடு ஆளில்லை. அந்தப் பொய்யால் மீனாம்பாளுக்கு ஆறுதலும் கிடைக்கும், அவனுக்குக் கனகாவும் கிடைப்பாள். கனகா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனால் பொய் சொல்வதற்கும் உள்ளே கொஞ்சம் சூடு வேண்டியிருக்கிறது. அது அவனிடம் இல்லை. கேட்டதற்குப் பதில் மட்டும் இருந்தது.

"நிண்டவர்," என்றான். "ஒழுங்கை முகப்பில. ஆக்களை வெளியில விடக்கூடாது எண்டு நிப்பாட்டினவையாம். அண்ணா அவரைக் கண்டுதான் கூப்பிட்டவர். பக்கத்தில நிண்ட பெடியன் ஒருத்தன் ஆரடா நவம் எண்டு கேட்டவன்."

"அது எனக்கும் கேட்டது," என்றார் மீனாம்பாள். "பதில்தான் கேக்கேல்லை."

"தெரியேல்லை எண்டு சொன்னவராம்."

மீனாம்பாள் தலையை ஆட்டினார். கடையில் கேட்ட சாமான் இல்லை என்று சொன்னால் ஆட்டுவது போன்ற ஆட்டல். கனகா எழுந்து தண்ணீர் எடுக்கப் போனாள். போத்தலைத் திறக்காமலே கையில் வைத்துக்கொண்டு திரும்பி வந்து இருந்தாள். ஜெயசீலனின் சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. லுக்மானாகத்தான் இருக்கும். எடுக்கவில்லை. எழும்பிப் போகவேண்டியதுதானே என்று நினைத்தான்.

"அப்ப அவருக்குக் கேட்டிருக்கு," என்றார் மீனாம்பாள் கடைசியில். "ஒருத்தருக்கும் கேக்காமல் கூப்பிட்டுக்கொண்டு செத்தவன் எண்டுதான் நான் இவ்வளவு காலமும் நினைச்சிருந்தனான்."

"அன்ரி, நான் வெளிக்கிடுறன்."

"இருங்கோ. நான் இன்னும் கதைச்சு முடிக்கேல்லை." குரலில் கோபமில்லை. "கலியாணமெண்டால் கார்ட் அடிக்கவேணும். பெடியன்ர தகப்பன்ர பேர் போடாமல் அடிக்க ஏலாது. அதை நான்தான் வீடு வீடாக் கொண்டுபோகவேணும். பாதிப் பேர் கண் தெரியாததுகள். கையில வாங்கி வைச்சுக்கொண்டு, பிள்ளை வாசி பாப்பம் எண்டுங்கள். நான் சத்தமா வாசிக்கவேணும். அதுக்கு அந்தப் பேர் என்ர வாயில வரவேணும்."

அவர் நிமிர்ந்து இருந்தார். கையில் கார்ட் இருப்பது போல உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டு, ஊர் வீடுகளில் வாசிக்கும் அதே இழுவையில் வாசிக்கத் தொடங்கினார்.

"பண்டத்தரிப்பைச் சேர்ந்த அமரர்..."

நின்றார். மீண்டும் முதலிலிருந்து தொடங்கினார். மீண்டும் அதே இடத்தில் நின்றார். கனகா போத்தலை நிலத்தில் வைத்தாள்.

"அம்மா, இப்ப வேண்டாம்."

"சும்மா இரு."

மூன்றாவது முறை கண்ணை மூடிக்கொண்டார்.

"பண்டத்தரிப்பைச் சேர்ந்த அமரர் நவரத்தினம் அவர்களின் ஏக புத்திரன், திருநிறைச்செல்வன் ஜெயசீலனுக்கும்..." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டார். "எங்களது கனிஷ்ட புத்திரி, திருநிறைச்செல்வி கனகாவுக்கும்..."

முழுவதையும் சொல்லி முடித்தார். கண்ணைத் திறந்து உள்ளங்கையைச் சேலையில் துடைத்தார்.

"வருது," என்றார். ஜெயசீலனின் பக்கம் தட்டை நகர்த்தினார். "ரோல்ஸ் ஆறிப்போச்சு. எண்டாலும் சாப்பிடுங்கோ."

அவன் ஒன்றை எடுத்துக் கடித்தான். உறைப்பு நாக்கில் தெரிந்தது. மென்றான்.